வளர்ந்த ஆமையைத் தத்தெடுத்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மூன்று ஆமைகள் இருக்கின்றன. மூன்றும் வேறு வீடுகளில் வளர்ந்து, அங்கே வைத்துக்கொள்ள முடியாமல் என்னிடம் வந்தவை. முதலாவது ஒரு பெயின்ட் வாளியில் வந்தது. அதன் ஓடு வாளியின் அடியைவிட ஒரு விரற்கடைதான் சிறியது. திரும்பக்கூட முடியாமல் அதற்குள் எத்தனை மாதம் இருந்ததோ! அதைப் பார்க்க வந்தவர்கள் வழியாக மற்றவர்களுக்கும் செய்தி போய், இப்போது வாரத்துக்கு இரண்டு பேராவது போன் செய்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால், அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

இது என்ன வகை ஆமைன்னே தெரியாது. பக்கத்து வீட்டுக்காரங்க காலி பண்ணிட்டுப் போகும்போது குடுத்துட்டாங்க. வெச்சுக்கலாமா?

கண்ணுக்குப் பின்னால் பாருங்கள். காது இருக்க வேண்டிய இடத்தில் சிவப்புப் பட்டை இருந்தால் அது சிவப்புக் காது ஆமை, கடைக்காரர்கள் சொல்லும் ரெட் இயர்டு ஸ்லைடர். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து ஆமை. தீப்பெட்டி அளவில் பச்சைக் குட்டியாக, 'வாஸ்து ஆமை' என்று விற்பது பெரும்பாலும் இதைத்தான். வயதான ஆண்கள் சிலவற்றுக்கு உடம்பு முழுக்கக் கறுத்து சிவப்பு மங்கிவிடும். பட்டை தெரியவில்லை என்றால் பழைய போட்டோ இருக்கிறதா என்று கொடுத்தவரிடம் கேளுங்கள்.

ஓட்டில் மஞ்சள் நட்சத்திரக் கோடுகள் இருந்தால் அது நட்சத்திர ஆமை, தரையில் வாழ்வது. மூக்கு பன்றி மூக்கு மாதிரி நீண்டு, ஓட்டின் ஓரம் தோல்போல மெத்தென்று இருந்தால் நம் குளத்து ஆமை. இந்த மாதிரி நம் நாட்டு ஆமைகளை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நட்சத்திர ஆமைக்கு 2019 முதல் உலக அளவிலும் வணிகத் தடை இருக்கிறது. நீங்களாகப் போய் ஏதாவது ஏரியில் விட வேண்டாம். வனத்துறை அலுவலகத்தில் ஒப்படையுங்கள். இனி நான் சொல்லப்போவது எல்லாமே சிவப்புக் காது ஆமைக்குத்தான்.

எவ்வளவு பெரிய தொட்டி வேணும்? இப்போ ரெண்டடி கண்ணாடித் தொட்டியில இருக்கு.

ஓட்டின் நீளத்தை ஸ்கேல் வைத்து நேராக அளந்துகொள்ளுங்கள். டேப்பை ஓட்டின் வளைவின்மேல் ஓட்டினால் கூடுதலாகக் காட்டும். ஒரு அங்குலத்துக்கு நாற்பது லிட்டர் தண்ணீர் என்பது ஆமை வளர்ப்பவர்களின் கணக்கு. எட்டு அங்குல ஆமைக்கு 320 லிட்டர். பெண் ஆமை பத்து, பன்னிரண்டு அங்குலம்வரை வளரும். உங்கள் இரண்டடித் தொட்டியை நிரப்பினால் அறுபது லிட்டர் பிடித்தால் அதிகம்.

அந்த அளவுக்குக் கண்ணாடித் தொட்டி வாங்கினால் செலவு தாங்காது, தேவையும் இல்லை. ஆமைக்குத் தேவை நீந்த இடம். நாம் பக்கவாட்டில் பார்க்க வேண்டும் என்பது நம் ஆசை. 500 லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியின் மேல்பாகத்தை வெட்டி எடுத்துவிட்டுப் பயன்படுத்துகிறேன். பழைய சாமான் கடையில் கிடைத்த குளியல் தொட்டி ஒன்றும் இருக்கிறது. வெட்டிய விளிம்பை உப்புக் காகிதத்தால் தேய்த்துவிடுங்கள். சிமென்ட் தொட்டி என்றால், புதுச் சிமென்டின் காரம் இறங்கும்வரை இரண்டு மூன்று வாரம் தண்ணீர் நிரப்பி, ஊற்றி, மறுபடி நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய நீல டிரம்மைப் படுக்கவைத்துப் பாதியாக வெட்டினால் நூறு லிட்டர்தான் வரும், வளர்ந்த ஆமைக்குப் போதாது.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. முந்நூறு லிட்டர் என்றால் நான்கைந்து பேர் ஒரே இடத்தில் ராப்பகலாக நிற்பது மாதிரி. பால்கனியில் வைப்பதானால் கட்டடம் தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டுவிட்டு, சுவரை ஒட்டி வையுங்கள்.

தொட்டி சின்னதா இருந்தா ஆமையும் சின்னதாவே இருக்கும்னு கடைக்காரர் சொன்னாரே?

இருக்காது. சின்னத் தொட்டியில் ஆமை சிறியதாகவே இருந்தால் அதற்குக் காரணம் அழுக்குத் தண்ணீர், வெயிலின்மை, அரைகுறைச் சாப்பாடு. அப்படி வளர்ந்த ஆமையின் ஓடு கோணலாகவும் எலும்பு மென்மையாகவும் இருக்கும். இருபது, முப்பது வருடம் வாழக்கூடிய உயிர் இது.

தண்ணி எவ்வளவு ஆழம் வைக்கணும்? மூழ்கிடாதா?

இது நீச்சல் ஆமை. நல்ல உடல்நிலையில் இருந்தால் ஓட்டின் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழம் தாராளமாக இருக்கலாம். ஆழமாக இருந்தால் தவறிக் கவிழ்ந்தாலும் தானே புரண்டு நிமிர்ந்துகொள்ளும். ஆழம் குறைந்த, வழுக்கும் தொட்டியில்தான் மல்லாந்து விழுந்து திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்ளும்.

ஆனால் கைமாறி வந்த ஆமை வருடக்கணக்கில் நான்கு அங்குலத் தண்ணீரில் கிடந்திருக்கலாம். கால்களில் வலு இருக்காது. என் பெயின்ட் வாளி ஆமை முதல் நாள் பெரிய தொட்டியில் இரண்டு நிமிடம் நீந்திவிட்டு மூச்சு வாங்கியது. அதனால் ஓடு முங்கும் அளவில் தொடங்கி, வாரத்துக்கு இரண்டு அங்குலம் என்று ஏற்றிக்கொண்டே போனேன். நடுவில் கால் ஊன்றி நிற்க ஒரு செங்கல் மேடை போட்டு வைத்தேன். ஒன்றரை மாதத்தில் அந்தச் செங்கல் பக்கமே அது போவதில்லை.

ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்தினா பயந்துடாதா? கொஞ்சநாள் பழைய தொட்டியிலேயே வெச்சுட்டு அப்புறம் மாத்தலாமா?

இந்த இடத்தில் எனக்கும் பலருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. பழகட்டும் என்று இரண்டு மாதம் அதே அழுக்குத் தொட்டியில் வைத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். இடம், தண்ணீர், வெயில் மூன்றையும் முதல் நாளே மாற்றிவிடுங்கள் என்பேன். சாப்பாட்டை மட்டும் மெதுவாக மாற்றுங்கள். பழைய தொட்டியில் அதற்கு நன்மை செய்த பொருள் எதுவும் இல்லை, பிரிந்து ஏங்குவதற்கு.

என்னிடம் வரும் போன்களில் 'என்ன மருந்து கொடுப்பது?' என்றுதான் பாதிப் பேர் ஆரம்பிக்கிறார்கள். தொட்டியின் போட்டோவை அனுப்பச் சொல்வேன். பெரும்பாலும் அதிலேயே பதில் இருக்கும். மருந்து வேண்டிய சமயங்களும் உண்டு, கீழே வருகிறது.

முதல் ஒரு வாரம் தொட்டியின் ஒரு பக்கத்தை அட்டையால் மறைத்து விடுங்கள். குழந்தைகள் தூக்கிப் பார்ப்பதை நிறுத்தி வையுங்கள். பயம் தெளிய இது போதும்.

வெயில்ல வைக்கணும்னு சொல்றாங்க. எவ்வளவு நேரம்? கருகிடாதா?

தினமும் வெயில் காய்வது ஆமைக்குப் பொழுதுபோக்கு அல்ல. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி உருவாகும். அது இருந்தால்தான் சாப்பிட்ட சுண்ணாம்புச்சத்து ஓட்டிலும் எலும்பிலும் போய்ச் சேரும். உடம்பு சூடேறினால்தான் சாப்பாடு செரிக்கும். முழுக்கக் காய்ந்தால்தான் ஓட்டில் பூஞ்சை பிடிக்காது.

கண்ணாடி வழியாக வரும் வெயில் கணக்கில் சேராது. ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரை அப்படியே தடுத்துவிடும். வெளிச்சமும் சூடும்தான் உள்ளே வரும். இன்னொரு தவறு, கண்ணாடித் தொட்டியோடு தூக்கிப்போய் வெயிலில் வைப்பது. தண்ணீர் வெந்து, ஆமை ஒதுங்க இடமில்லாமல் செத்துப்போகும். சென்னைச் சித்திரை வெயிலில் அதற்கு அரைமணி நேரம்கூட வேண்டாம்.

காலை எட்டரை முதல் பத்து வரை நல்ல நேரம். தொட்டியின் பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் இருக்க வேண்டும். எதில் இருப்பது என்பதை ஆமையே முடிவு செய்துகொள்ளும். என் மாடியில் தொட்டிகள் நாள் முழுக்க வெளியேதான் இருக்கின்றன, மேலே பாதிக்குப் பச்சை நிழல்வலை கட்டியிருக்கிறேன். ஏறி உட்கார, இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி மேலே சிறு கடப்பா கல். ஏறும் சரிவுக்குக் கயிற்றுமிதியடியை வெட்டிக் கட்டினேன், கால் வழுக்காது. தெர்மாகோல் வைக்காதீர்கள், கடித்துத் தின்றுவிடும். கோடையில் மத்தியானம் அந்தக் கல்லை உங்கள் கையால் தொட்டுப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

மாடியில் வைப்பவர்கள் மேலே கம்பிவலை போடாமல் இருக்க வேண்டாம். காகம் கண்ணைக் கொத்தும். ஆமை சுவர் ஏறாது என்று நினைப்பவர்கள் அது ஏறுவதைப் பார்த்ததில்லை. தண்ணீர் மட்டத்துக்கு மேலும் உட்காரும் கல்லுக்கு மேலும் ஓர் அடிச் சுவராவது இருக்கட்டும்.

ஃப்ளாட்ல இருக்கோம். மொட்டை மாடியைப் பூட்டி வெச்சிருக்காங்க, பால்கனியிலும் வெயில் வராது.

ஊர்வனவற்றுக்கென்று விற்கும், அந்தப் புற ஊதாக் கதிரைத் தரும் யுவிபி குழல் விளக்கு வாங்கியே ஆக வேண்டும். பெரிய செல்லப்பிராணிக் கடைகளில் கேட்டால் வரவழைத்துத் தருவார்கள். நீல வெளிச்சம் காட்டும் எல்லா விளக்கும் யுவிபி அல்ல; மீன் தொட்டி விளக்கைக் காட்டி இதுதான் என்பார்கள், ஏமாறாதீர்கள். உட்காரும் கல்லுக்கு மேலே ஏறக்குறைய ஓர் அடி உயரத்தில், நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இல்லாமல் மாட்டி, பகலில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிடுங்கள். வெளிச்சம் வந்துகொண்டே இருந்தாலும் உள்ளே கதிர் குறைந்துவிடும் என்பதால் வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வாங்கிய தேதியை விளக்கிலேயே எழுதி வையுங்கள்.

கல்லின்மேல் 32 முதல் 35 டிகிரி சூடு வேண்டும். அதற்குப் பழைய குண்டு பல்பு ஒன்று போதும்.

தண்ணியை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாத்தணும்? எங்க ஏரியால லாரித் தண்ணிதான்.

பில்டர் இல்லாவிட்டால் இரண்டு நாளுக்கு ஒருமுறை முழுக்க மாற்ற வேண்டியிருக்கும். 300 லிட்டர் என்றால் யாருக்கும் முடியாது. மீன் வளர்ப்பவர் கணக்கில் பில்டர் வாங்காதீர்கள். ஆமையின் கழிவு மீனைவிடப் பல மடங்கு. தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு, மூன்று மடங்குத் தண்ணீருக்கு என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் பில்டரை எடுங்கள். அதன்பின் வாரத்துக்கு ஒருமுறை கால்பங்குத் தண்ணீரை மாற்றினால் போதும். நான் அந்தத் தண்ணீரை வாழைக்கும் செம்பருத்திக்கும் விடுகிறேன், செடிகள் கொழுத்துக் கிடக்கின்றன. பச்சையாகச் சாப்பிடும் கொத்தமல்லி, புதினாவுக்கு மட்டும் விடாதீர்கள். காரணம் குழந்தைகள் பற்றிய கேள்வியில் இருக்கிறது.

பில்டரின் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவக்கூடாது. அதில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்று தீர்ப்பவை. தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்து போடுங்கள். நாலைந்து மணி நேரம் கரண்ட் போயிருந்தால், மூடிய பில்டருக்குள் அவை செத்து நாறும். கரண்ட் வந்ததும் அப்படியே ஓடவிடாமல் உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போடுங்கள்.

இன்னொன்று: தொட்டியின் அடியில் வண்ணக் கூழாங்கல் போடும் பழக்கம். ஆமை விழுங்கும், குடலில் அடைக்கும். அடி வெறுமையாகவே இருக்கட்டும்.

கார்ப்பரேஷன் தண்ணியில குளோரின், போர் தண்ணியில உப்பு. எது நல்லது?

ஆமை செவுளால் மூச்சு விடுவதில்லை, அதனால் மீனைப்போல் குளோரினால் சாகாது. வாளியில் ஒருநாள் வைத்திருந்து ஊற்றினால் இன்னும் நல்லது. போர் தண்ணீரும் ஆகும். ஓட்டில் வெள்ளைப் படிவு வரும், அவ்வளவுதான்.

வந்து நாலு நாள் ஆச்சு, எதுவுமே சாப்பிடல.

வளர்ந்த ஆமை ஒன்று இரண்டு வாரம் சாப்பிடாமல் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. முதலில் தண்ணீரின் சூட்டைப் பாருங்கள். 24 முதல் 28 டிகிரி இருக்க வேண்டும். ஏசி ஓடும் படுக்கையறையில் தொட்டியை வைத்திருப்பவர்கள்தான் இந்தக் கேள்வியை அதிகம் கேட்கிறார்கள். தண்ணீர் குளிர்ந்தால் பசி போய்விடும். அடுத்து, வெயில் காய இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டும் சரியாக இருந்தால், அது பழைய வீட்டில் சாப்பிட்டது எதுவோ அதையே கொஞ்சம் போட்டுவிட்டு அறையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். நின்று பார்த்துக்கொண்டிருந்தால் சாப்பிடாது. இரண்டு வாரம் தாண்டினாலோ, கூடவே கண் வீக்கம், மூக்கில் நுரை போன்றவை இருந்தாலோ மருத்துவரிடம் போங்கள்.

இத்தனை வருஷம் சோறும் பொரியும்தான் சாப்பிட்டுச்சாம். வேற எதையும் தொடமாட்டேங்குது.

சோறு, பொரி, பிஸ்கட், பால், சப்பாத்தி எல்லாமே நிறுத்த வேண்டியவை. டப்பாவில் விற்கும் காய்ந்த இறாலும் அப்படித்தான்; சிப்ஸ் மாதிரி, ருசி உண்டு, சத்து இல்லை. குட்டியாக இருக்கும்போது புழு பூச்சி மீன் என்று தின்னும் இந்த ஆமை, வளர்ந்தபின் பெரும்பாலும் இலைதழைக்கு மாறிவிடும். ஆகவே தினமும் ஏதாவது இலை. ஆமைக்கென்று விற்கும் நல்ல பெல்லட் தீவனம் இரண்டு நாளுக்கு ஒருமுறை, அதன் தலை எவ்வளவு பெரிதோ அந்த அளவு மட்டும்.

இலை என்றால் செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலை, முருங்கைக்கீரை. கேரட், பரங்கிக்காய் சீவிப் போடலாம். பாலக் கீரை எப்போதாவது மட்டும். அதிலுள்ள ஆக்சலிக் அமிலம் சுண்ணாம்புச்சத்தைச் சேரவிடாது. முள்ளோடு சின்ன மீன் மாதத்துக்கு இரண்டு முறை போடலாம், கருவாடு கூடாது, உப்பு. சுண்ணாம்புச்சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று கேளுங்கள். கணவாய் மீனின் ஓடுதான் அது. பின்பக்கம் உள்ள கெட்டியான தகட்டைச் சுரண்டிவிட்டு ஒரு துண்டை மிதக்கவிட்டால் வேண்டும்போது கடித்துக்கொள்ளும்.

பழக்கம் மாற்றுவதுதான் கஷ்டம். மூன்று நாள் எதுவும் போடாமல் இருந்துவிட்டு, காலையில் கேரட் சீவலை, அது நகர்கிற மாதிரி தண்ணீரில் விடுங்கள். சிவப்பும் ஆரஞ்சும் கண்ணில் படும். என் இரண்டாவது ஆமை முதல் இலையைக் கடிக்க ஐந்து வாரம் ஆயிற்று. இப்போது செம்பருத்திப் பூவுக்கு அடித்துப் பிடித்துக்கொண்டு வரும்.

என்னைப் பாத்தாலே தலையைத் தூக்கிக்கிட்டு ஓடி வருது. பசிக்குதோன்னு பாவமா இருக்கு.

சாப்பிட்டு ஐந்து நிமிடம் கழித்துப் போய் நின்றாலும் அப்படித்தான் வரும். கால்களை உள்ளே இழுக்கும்போது ஓட்டின் இடுக்கில் சதை பிதுங்கினால் ஏற்கெனவே கூடுதலாகச் சாப்பிடுகிறது என்று பொருள். சமையலறைத் தராசில் மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வையுங்கள்; பாவம் பார்ப்பதைவிட அது உதவும்.

ஓட்டுல வெள்ளை வெள்ளையா இருக்கு. அங்கங்க தகடு மாதிரி உரியுது. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தடவலாமா?

மெல்லிய, கண்ணாடித்தாள் மாதிரியான தகடுகள் தானாகக் கழன்றால் அது வளர்ச்சி. பிய்க்காதீர்கள். கெட்டியாக, வாசனை இல்லாமல், ஓடு காய்ந்தபின் மட்டும் தெரியும் வெள்ளை என்றால் போர் தண்ணீரின் உப்பு. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் கொஞ்சம் போகும். நகத்தால் அழுத்தினால் அமுங்குகிறது, நாற்றம் வருகிறது, குழி விழுந்திருக்கிறது என்றால் ஓடு அழுகல். அதற்கு மருத்துவர் வேண்டும்.

எண்ணெய் தடவினால் ஓடு பளபளக்கும், அதோடு அழுக்கும் கிருமியும் அடியில் மூடிக்கொள்ளும். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து அனுப்பிய ஆமை ஒன்று என்னிடம் வந்தது. கழுவிப் பார்த்தால் அடியில் காசு அகலத்துக்கு அழுகல். நெயில் பாலிஷ், பெயின்ட் எதுவும் வேண்டாம்.

கோணிப்போன ஓடு, மேடு மேடான ஓடு பழையபடி நேராகாது. இனி வளர்வது ஒழுங்காக வளரும். ஓடு முழுக்கவே அழுத்தினால் வளைகிறது என்றால் எலும்பு நோய், அதற்குத் தாமதிக்க நேரமில்லை.

கண்ணு ரெண்டும் வீங்கி மூடியிருக்கு. சொட்டு மருந்து போடலாமா?

கைமாறி வரும் ஆமைகளில் நான் அதிகம் பார்த்த கோளாறு இது. சோறும் காய்ந்த இறாலும் மட்டும் தின்றால் வைட்டமின் ஏ இல்லாமல் கண் வீங்கும். அழுக்குத் தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். கண் தெரியாவிட்டால் சாப்பிடாது, சாப்பிடாவிட்டால் கண் திறக்காது. ஆரம்ப நிலை என்றால் தண்ணீரையும் சாப்பாட்டையும் மாற்றினாலே சில வாரத்தில் தெளியும். முழுக்க மூடிவிட்டால் மருத்துவர்தான். வீட்டில் கிடக்கும் மனிதர் சொட்டு மருந்தையும், வைட்டமின் மாத்திரையையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். வைட்டமின் ஏ கூடிப்போனால் தோல் உரிந்து புண்ணாகும்.

ஒரு பக்கமா சாய்ஞ்சு மிதக்குது. வாயைத் திறந்து திறந்து மூடுது.

நுரையீரலில் சளி. மூக்கில் குமிழி, விசில் மாதிரிச் சத்தம் இருக்கிறதா பாருங்கள். தண்ணீரை ஆமையின் தோள் மட்டத்துக்குக் குறைத்து, சூட்டை 28 டிகிரிக்குக் கொண்டுவந்து, அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். இந்தப் பட்டியலில் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடவே கூடாத கேள்வி இதுதான்.

டாக்டர் எங்க இருக்கார்? எங்க ஊர் டாக்டர் மாடும் நாயும்தான் பாப்பாராம்.

கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு சேர்ந்த மருத்துவமனைகளில் முதலில் கேளுங்கள். சென்னையில் வேப்பேரி, வெளியே நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி. போவதற்கு முன் ஊர்வன பார்க்கும் மருத்துவர் என்றைக்கு இருப்பார் என்று போனில் விசாரித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இல்லாத டப்பில் ஈரத்துணி போட்டு எடுத்துப் போனால் போதும்.

யார் பார்த்தாலும் ஒன்றை நினைவூட்டுங்கள்: நாய்க்கும் மாட்டுக்கும் குடற்புழு, உண்ணிக்குப் போடும் ஐவர்மெக்டின் ஆமைக்கு நஞ்சு. மருத்துவரிடம் இதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். நான் ஒருமுறை கூச்சப்பட்டுக்கொண்டே சொன்னேன். அவர் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

பின்பக்கத்துல இருந்து கறுப்பா, பூ மாதிரி ஏதோ வெளிய வந்துச்சு. குடல் வெளிய வந்துடுச்சா?

ராத்திரி பதினொரு மணிக்கு வரும் போன்கள் இதற்காகத்தான். முன்கால் நகங்கள் நீளமாகவும் வால் தடித்தும் இருந்தால் உங்கள் ஆமை ஆண். வெளியே வந்தது அதன் ஆணுறுப்பு. அவ்வப்போது விரித்துவிட்டு, சில நிமிடத்தில் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். பார்க்காத மாதிரி இருந்துவிடுங்கள். ஒரு மணி நேரமாகியும் உள்ளே போகாவிட்டாலும், பெண் ஆமைக்கு அப்படி ஏதாவது வந்தாலும், ஈரமான சுத்தத் துணியில் வைத்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கையால் தள்ள வேண்டாம்.

ரெண்டு நாளா சாப்பிடாம தொட்டியைப் பிராண்டிக்கிட்டே இருக்கு. வெளிய விட்டா பின்காலால தரையைத் தோண்டுது.

முட்டை. ஆண் இல்லாமலே பெண் ஆமை முட்டையிடும், நாட்டுக்கோழி மாதிரி, பொரியாது. இட இடம் கிடைக்காவிட்டால் முட்டையை உள்ளேயே அடக்கி வைத்துக்கொண்டு செத்துப்போகவும் கூடும். ஒரு பெரிய டப்பில் ஓர் அடி ஆழத்துக்குச் செம்மண்ணும் ஆற்று மணலும் கலந்து, பிடித்தால் உருண்டை நிற்கும் ஈரத்தில் நிரப்பி, ஆமையை உள்ளே விட்டு மூடாமல் தனியாக விடுங்கள். எம்-சாண்ட் கூர்மையானது, வேண்டாம். தோண்டுவதும் முக்குவதும் நாலைந்து நாளுக்கு மேல் நீண்டு, சோர்ந்து போனால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

என் மூன்றாவது ஆமையோடு ஒரு துண்டுச் சீட்டு வந்தது: 'பெயர் ராஜா, வயது ஒன்பது.' வந்த மூன்றாம் மாதம் ராஜா பதினொரு முட்டை இட்டது.

தனியா இருக்கே, பாவம். ஜோடி வாங்கிப் போடலாமா?

வேண்டாம். அதற்குத் தனிமை வருத்தம் இல்லை. ஆண் பெண்ணை விடாமல் துரத்திக் கடிக்கும். இரண்டு ஆண் என்றால் வால் போகும். ஏற்கெனவே ஒரு ஆமை இருக்கும் வீட்டுக்குப் புதிதாக ஒன்று வந்தால் மூன்று மாதம் தனித்தொட்டி, தனி வலை, தனி வாளி. என் வீட்டில் மூன்று மாதம் கழிந்தும் தனித்தனிதான்.

ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு மாமியார் சொல்றாங்க.

அந்தப் பழமொழியில் ஆமையோடு, ஜப்தி செய்ய வரும் கோர்ட் அமீனாவும் சேர்ந்து வருவார். இரண்டில் அமீனா வந்தால்தான் வீட்டுக்கு ஆபத்து என்று எங்கள் மாமியாரிடம் சொன்னேன். இப்போது செம்பருத்தி பறித்துப் போடுவது அவர்தான். அதே சமயம், அதிர்ஷ்டம் வரும் என்று வடக்குப் பார்த்து ஒரு கிண்ணத்தில் ஆமையை வைப்பவர்களைப் பார்த்தால் மாமியார் சொன்னதே தேவலை என்று தோன்றுகிறது.

வீட்டுல ரெண்டு வயசுக் குழந்தை இருக்கு. ஆபத்தா?

ஆமை நன்றாக இருக்கும்போதே அதன் உடம்பிலும் தண்ணீரிலும், நமக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். குழந்தைகள் வாயில் வைத்துக்கொள்கிறார்கள் என்பதால்தான் அமெரிக்காவில் 1975-இல் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பதையே தடை செய்தார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்தவர்கள், கர்ப்பிணிகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் தொட வேண்டாம். மற்றவர்கள் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தொட்டிச் சாமான்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். கொத்தமல்லிக்கு ஏன் வேண்டாம் என்றேன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

ஊருக்குப் போறோம், ஒரு வாரம் ஆகும். யார்கிட்ட விட்டுட்டுப் போறது?

யாரிடமும் கொண்டுபோய் விட வேண்டாம். வளர்ந்த ஆமைக்கு ஒரு வாரச் சாப்பாடு இல்லாமல் ஒன்றும் ஆகாது. பில்டர் ஓடுகிறதா, தண்ணீர் வற்றவில்லையா என்று நடுவில் ஒருமுறை யாராவது எட்டிப் பார்த்தால் சரி. 'தினமும் போடுங்கள்' என்று டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனால் அவர் அள்ளிக் கொட்டித் தண்ணீரை நாறடித்துவிடுவார்.

குளிர்காலத்துல தூங்கும்னு படிச்சேன். தூங்க விடணுமா?

அமெரிக்கக் குளிரில் குளத்தடியில் முடங்கிக் கிடக்கும். நம் சமவெளியில் அதற்குத் தேவையே வராது. ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் தண்ணீருக்கு ஹீட்டர் போடுங்கள், அதைச் சுற்றிக் கம்பிக்கூடு வைத்து. ஆமை கண்ணாடி ஹீட்டரை உடைக்கும். மற்ற இடங்களில் கவலை கோடையைப் பற்றித்தான். மே மாதத்தில் தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டினால் நிழலைக் கூட்டி, கொஞ்சம் தண்ணீரை மாற்றுங்கள்.

என்னால இனிமே முடியலை. கோயில் குளத்துல விட்டா புண்ணியம்தானே?

அந்தக் குளத்தில் ஏற்கெனவே இருக்கும் நம் ஊர் ஆமைகளுக்கு அது பாவம். வெயில் காயும் இடத்தையும் சாப்பாட்டையும் இது பிடித்துக்கொள்ளும், நோயும் கொடுக்கும். உலகின் மோசமான நூறு அந்நிய உயிரினங்கள் பட்டியலில் இதுவும் ஒன்று. கேரளத்தில் திருச்சூர் பக்கத்துக் கால்வாயில் யாரோ விட்ட ஆமை அகப்பட்டபின், பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம், வீட்டில் வைத்துக்கொள்ள முடியாதவர்கள் தங்களிடம் ஒப்படைக்கலாம் என்று மக்களைக் கேட்டுக்கொண்டது. முதலைப் பண்ணைக் குளத்தில் சுவருக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டு வருவதும் இதே தவறுதான்.

வேறு வீடு தேடுங்கள், அவசரப்படாமல். வருபவரிடம் முதலில் தொட்டி எவ்வளவு பெரியது என்று கேளுங்கள். 'ஒரு அழகான கண்ணாடிக் கிண்ணம் இருக்கு' என்றால் கொடுக்காதீர்கள். கொடுக்கும்போது தொட்டி, பில்டர், விளக்கு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள், விற்றால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. கூடவே ஒரு தாளில் எடை, கடைசியாக என்ன சாப்பிட்டது, முட்டையிட்டதா என்பதை எழுதுங்கள். ஆணா பெண்ணா என்று நகத்தையும் வாலையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பெயரையும் எழுதுங்கள்.